குழுவில் இடம் கொடுத்துவிட்டார்கள். நாற்றுப் பண்ணையை என்ன செய்வது?

பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருக்கிறார். வயது 52. வீட்டு மாடியில் பல வருடங்களாகக் காய்கறி வளர்க்கிறார். வீட்டை ஒட்டிய மனையில் சிறிய நாற்றுப் பண்ணையும் நடத்துகிறார். கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்றோடு தென்னை நார்க் கழிவு, வளர்ப்புப் பை எல்லாம் அங்கே கிடைக்கும். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிறார். இதைப் பார்த்து, நகர்ப்புற விவசாயத்துக்கான அரசு ஆலோசனைக் குழு ஒன்றில் அவரை அலுவல்சாரா உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வருடப் பதவி, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், பயணப்படி மட்டும்.

முதல் கூட்டம் முடிந்துவிட்டது. ஒரு குளக்கரையை ஒட்டிய இடத்தில் காய்கறித் தோட்டம் போட்டு மகளிர் குழுக்களுக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, "அது மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம், வேண்டாம்" என்று இவர் சொல்லியிருக்கிறார். ஆனால் பிறகு கைக்கு வந்த கூட்டக் குறிப்பில் "உறுப்பினர்கள் ஒருமனதாகப் பரிந்துரைத்தனர்" என்று இருக்கிறது. கீழே இவர் பெயரும் இருக்கிறது.

வீட்டில் இன்னொரு கதை ஓடுகிறது. திட்டத்துக்குத் தேவையான நாற்றையும் பையையும் தாங்களே சப்ளை செய்யலாம் என்று கணவர் சொல்ல, மகன் பெயரில் கொட்டேஷன் கொடுத்தாகிவிட்டது. கொழுந்தனாரோ, "மதினி, கையில் பதவி இருக்கும்போதே வாய்க்கால் ஓரப் புறம்போக்கைக் குத்தகைக்கு வாங்கிக் கொடுங்க, கீரை போட்டுக்கிடுதேன்" என்கிறாராம். கடிதம் இந்தக் கேள்விகளோடு முடிகிறது: "நாளைக்கு இதில் கேஸ் வந்தால் என்னையும் சேர்ப்பார்களா? ஆலோசனை சொல்கிறவளுக்கு என்ன பொறுப்பு? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பேசலாமா? அடுத்த வார்டு தேர்தலில் நிற்க ஆசை, அதற்கு இது தடையா? பேசாமல் விலகிவிடட்டுமா?"

அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இப்போது விலகாதீர்கள். இன்றைக்கு விலகினால் "ஒருமனதாக" என்ற சொல் உங்கள் பெயரோடு அந்தக் கோப்பில் அப்படியே தங்கிவிடும். நாலு வருடம் கழித்து அந்த இடத்தைப் பற்றி யாராவது வழக்குப் போட்டால், நீதிமன்றத்தின் முன் வருவது அந்தக் காகிதம்தான். கூட்டத்தில் நீங்கள் வாயால் சொன்னது அங்கே வராது. ஆகவே முக்கியமான வேலை அந்தக் குறிப்பைத் திருத்தவைப்பது.

கூட்டக் குறிப்பும் உங்கள் கையெழுத்தும்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதால் தீர்மானத்துக்குச் சம்மதித்ததாகிவிடுமோ என்று பயந்திருக்கிறீர்கள். ஆகாது. அந்தக் கையெழுத்து நீங்கள் அன்று வந்திருந்தீர்கள் என்பதற்கு மட்டுமே சாட்சி. ஆனால் குறிப்பு கைக்கு வந்த பிறகும் வாய் திறக்காமல் இருந்தால் அதைச் சம்மதமாக வாசிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பை உறுதிசெய்வது வழக்கம். உங்கள் ஆட்சேபம் அதற்கு முன் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"இந்தத் தேதியில் நடந்த கூட்டத்தில், குளக்கரை இடம் குறித்த பொருளில் எனக்கு உடன்பாடு இல்லை என்று நேரில் தெரிவித்தேன். அந்த இடம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் என்ன வகைப்பாட்டில் உள்ளது, எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளது என்று பார்க்காமல் பரிந்துரைக்கக் கூடாது என்பது என் கருத்து. கூட்டக் குறிப்பில் 'ஒருமனதாக' என்று இருப்பதை நீக்கி, என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். குறிப்பை உறுதிசெய்யும்போது இக்கடிதத்தைக் குழுவின் முன் வைக்கவும்."

இதை அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை போட்டு வாங்குங்கள். "வெச்சிட்டுப் போங்கம்மா, சார் வந்ததும் பார்ப்பார்" என்பார்கள். முத்திரை விழாமல் அங்கிருந்து நகராதீர்கள். கூடவே உங்களை நியமித்த ஆணையின் நகலையும் கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அழைப்புக் கடிதம் மட்டும்தான் கையில் இருப்பதுபோலத் தெரிகிறது. குழுவின் வேலை எது, எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும், குறிப்பு எழுதுவது யார், ரகசியம் காக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டா, எல்லாம் அந்த ஆணையில்தான் இருக்கும்.

அவர்கள் கொடுக்கவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். அந்தச் சட்டத்தின் 4(1)(பி)(viii) பிரிவு உங்களுக்கென்றே எழுதினதுபோல இருக்கும். ஆலோசனைக்காக அமைக்கப்பட்ட குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, கூட்டக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதை யாரும் கேட்காமலேயே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது. நடைமுறையில் எத்தனை அலுவலகம் செய்கிறது என்பது வேறு கதை. ஆனால் உறுப்பினரான நீங்களே எடுத்த எடுப்பில் தகவல் மனு போட வேண்டாம். முதலில் சாதாரணக் கடிதமே போதும்.

இந்தப் பதவிக்கு எவ்வளவு பலம்?

கொழுந்தனார் நினைக்கிற அளவுக்கு இதில் அதிகாரம் கிடையாது. 2014-ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டத்தின் கீழ் அமையும் நகர விற்பனைக் குழுவைப் பாருங்கள். அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். எந்தெந்த விஷயத்தில் அதைக் கலந்துகொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் குழுவுக்கு அந்த மாதிரிச் சட்டப் பின்னணி இல்லை. ஒரு நிர்வாக ஆணையால் வந்தது, இன்னோர் ஆணையால் போய்விடலாம். நீங்கள் சொல்வதை அரசு ஏற்காவிட்டால் அதற்காக நீதிமன்றம் போகவும் முடியாது.

அதற்காக "நான் ஆலோசனைதானே சொல்கிறேன், எனக்கென்ன பொறுப்பு" என்று இருந்துவிடவும் முடியாது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் "பொது ஊழியர்" என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்களோடு அது நிற்பதில்லை. ஒரு பதவியின் பேரில் பொதுக் கடமை செய்கிறவர்களையும் இழுத்துக்கொள்ளும். உங்கள் குழு அதற்குள் வருமா என்பது வழக்கு வந்தால் நீதிமன்றம் ஆணையைப் பார்த்துத் தீர்மானிக்கிற விஷயம். வரும் என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பத்திரம். பரிந்துரைக்குப் பணமோ வேறு ஆதாயமோ கைமாறினால் 7-ஆம் பிரிவின்படி 3 முதல் 7 வருடம் வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து தப்பாகப் போனது என்பதற்காக மட்டும் யாரையும் உள்ளே போட முடியாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். நான் பயப்படுவது உங்கள் மகனின் கொட்டேஷனைப் பார்த்துத்தான்.

மகன் பெயரில் இருந்தாலும் பண்ணை உங்களுடையதுதான்

"சப்ளை பற்றிப் பேசும்போது நான் வெளியே எழுந்து போய்விடுகிறேன், அப்போது சரிதானே" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு உச்ச நீதிமன்றம் 1969-லேயே பதில் சொல்லிவிட்டது. ஏ.கே.கிரைபாக் வழக்கு. ஜம்மு காஷ்மீர் வனத்துறை அதிகாரிகளிலிருந்து இந்திய வனப்பணிக்கு ஆள் எடுக்க ஒரு தேர்வுக் குழு போட்டார்கள். பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலராக இருந்தவர் அந்தக் குழுவில் உறுப்பினர்; அவரே ஒரு போட்டியாளரும்கூட. தன் பெயரை எடுத்தபோது அவர் உட்காரவில்லை, ஆனால் மற்றவர்களின் பெயர்களைப் பேசும்போது இருந்தார். குழு பரிந்துரை மட்டும்தான் செய்தது, இறுதி முடிவு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஆலோசனையோடு எடுக்கப்பட்டது என்றெல்லாம் வாதம் வந்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை, தேர்வையே ரத்து செய்தது. எழுந்து போவதும் "பரிந்துரைதானே" என்பதும் அன்றைக்கே எடுபடாத வாதங்கள்.

எவ்வளவு நாற்று, எந்த அளவுப் பை, நார்க் கழிவு எந்தத் தரம் என்று குழு பேசும்போது நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். அந்த விவரத்தோடு உங்கள் வீட்டிலிருந்தே விலை போகிறது. மகன் பெயர், கணவர் பெயர், சம்பந்தி பெயர் எதைப் போட்டாலும் பார்க்கிறவருக்கு அது உங்கள் பண்ணைதான். உங்கள் மனதில் கள்ளம் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது; கோப்பில் அது தெரியாது.

ஆக இரண்டு வழி உண்டு. குழுவில் இருக்கலாம், அந்த இரண்டு வருடமும் குடும்பத்தில் யாரும் இந்தத் திட்டத்துக்கு எதையும் விற்கக் கூடாது. இல்லாவிட்டால் குழுவிலிருந்து விலகி, 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி மற்றவர்களைப்போல டெண்டரில் கலந்துகொள்ளலாம். அப்போதும் நீங்கள் உட்கார்ந்து விவரம் பேசிய கொள்முதலில் கலந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. "எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டையும் செய்யலாம், அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்று அலுவலகத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்.

பண்ணையை மூட வேண்டியதில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு நாற்று விற்பதில் எந்தத் தப்பும் இல்லை. நாற்றுப் பண்ணை இருப்பதைக் குழுவுக்கு ஒரு கடிதமாகத் தெரிவித்துவிடுங்கள். விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-இன்படி வாங்க வேண்டிய விற்பனை உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் உங்களைப் பிடிக்காதவர் முதலில் தேடிப் போகிற இடம் அதுதான். பண்ணைப் பலகையில் "அரசு ஆலோசனைக் குழு உறுப்பினர்" என்று எழுதிக் கோபுரச் சின்னம் போட மகன் ஆசைப்படுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். அரசுச் சின்னத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1950-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது.

குளக்கரையும் வாய்க்கால் ஓரமும்

2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதி மழையை நெல்லைக்காரருக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இங்கே சந்திப்புப் பேருந்து நிலையமும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகமும் தண்ணீரில் நின்றன. குளத்தின் ஓரம் கோடையில் காய்ந்து கிடக்கும்போது காலி இடம் மாதிரித்தான் தெரியும். உங்கள் ஆட்சேபம் சரியானது, சட்டமும் உங்கள் பக்கம்தான். ஹின்ச் லால் திவாரி வழக்கில் (2001) குளத்து நிலத்தை வீட்டுமனையாகக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜக்பால் சிங் வழக்கில் (2011) பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் ஏரி, குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நல்ல நோக்கத்துக்காக மகளிர் குழுவுக்குக் கொடுத்தாலும் நாளைக்கு ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் வாங்கப்போவது அந்தப் பெண்கள்தான். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள், மற்ற வாதங்களைவிட இது எடுபடும்.

இன்னொன்றும் கேளுங்கள்: இந்த இடம் யாருடையது? 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தோடு வந்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு உரிய 18 பொருள்கள் இருக்கின்றன. பூங்கா இருக்கிறது, விவசாயம் இல்லை. அதனால் ஊருக்குள் விவசாயம் என்றாலே தோட்டக்கலைத் துறை ஒரு பக்கம், மாநகராட்சி ஒரு பக்கம், குளமும் கால்வாயும் என்றால் நீர்வளத் துறை இன்னொரு பக்கம். நில உரிமையுள்ள துறையின் ஆள் அறையில் இல்லாமலே அந்த நிலத்தைப் பற்றிப் பரிந்துரை எழுதியிருந்தால், உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியையும் சேருங்கள்.

கொழுந்தனார் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். வாய்க்கால் புறம்போக்கைக் குத்தகைக்குக் கொடுக்கும் அதிகாரம் உங்கள் குழுவுக்கு இல்லை. உங்கள் பெயரைச் சொல்லி அவர் எந்த அலுவலகத்தில் கேட்டாலும் வினை உங்களுக்குத்தான். தவிர, சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாயும் பழவூர் அணைக்கட்டிலிருந்து வரும் பாளையங்கால்வாயும் ஊருக்குள் நுழைந்தபின் என்ன நிறத்தில் ஓடுகின்றன என்று அவருக்கே தெரியும். சாக்கடை கலக்கும் தண்ணீரில் கீரை போட்டு யாருக்கு விற்கப்போகிறார்? "குடும்பத்துக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். "என்னால் முடியாது, சட்டத்தில் இடமில்லை" என்று இப்போதே, கணவர் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்ற சொல்தான் ஆபத்து.

வாட்ஸ்அப், தேர்தல்

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் "கூட்டத்தில் நான் இப்படிச் சொன்னேன்" என்று எழுதத் தடையில்லை. நியமன ஆணையில் ரகசிய நிபந்தனை இருந்தால் மட்டும் அதன் எல்லைக்குள் நில்லுங்கள். கொள்முதல் விலை இருக்கும் தாளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். மற்ற உறுப்பினர் யார் என்ன பேசினார் என்பது உங்கள் கதை இல்லை. "இன்னார் கமிஷன் வாங்கிவிட்டார்" என்ற ஒரு வரி போதும், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரும்; உண்மை என்றாலும் நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில்.

தேர்தலைப் பற்றி: இது அரசிடம் ஆதாயம் தரும் பதவியா என்பதுதான் தடைக்கான கேள்வி. பயணப்படி செலவை ஈடுகட்டுவது, அதை ஆதாயம் என்று பொதுவாகச் சொல்வதில்லை. ஆனால் ஆணையில் அமர்வுக்கட்டணம், மதிப்பூதியம் என்று ஏதாவது இருந்தால் "நான்தான் வாங்கவில்லையே" என்பது பதில் ஆகாது. 2006-இல் ஜெயா பச்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்தது பணம் கைக்கு வந்ததா என்பதை அல்ல, அந்தப் பதவியில் வரக்கூடியதா என்பதை. அது மாநிலங்களவை உறுப்பினர் வழக்கு. வார்டு தேர்தலுக்கு 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொருந்தும். இருந்தாலும் எதிர்த்து நிற்பவரின் வக்கீல் இதைத்தான் எடுப்பார். நிற்பது என்று முடிவானால், வேட்புமனுவுக்கு முன் எழுத்தில் விலகி, ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அதுவரை குழுவில் இருங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கடிதத்தின் நடுவில், யாரும் கேட்காத ஒன்றைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: மாடியில் சீனியவரைக்காயும் தண்டாங்கீரையும் மிஞ்சும்போது மகாராஜநகர் உழவர் சந்தையில் உட்கார்ந்து விற்க முடிவதில்லை, சிட்டா, அடங்கல் இல்லாததால் விவசாயி அட்டை இல்லை என்று. நகரத்தில் பயிர் செய்கிறவர் அரசு ஏட்டில் விவசாயியே ஆவதில்லை. குளக்கரையைவிடக் குழு பேச வேண்டிய விஷயம் இது. அதைச் சொல்ல அந்த மேசையில் வேறு யார் இருக்கிறார்கள்? அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். உங்கள் எழுத்து இரண்டு கூட்டம் தொடர்ந்து குறிப்பில் ஏறாமல் போனால், அப்போது காரணத்தை எழுதி விலகலாம். அந்த விலகல் கடிதத்துக்கு அப்போது ஒரு அர்த்தம் இருக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியதில் ஒரு வரிசை இருக்கிறது. மகனின் கொட்டேஷன் அந்த அலுவலகத்தில் கிடக்கும்போதே உங்கள் ஆட்சேபக் கடிதம் போனால், பதிலுக்கு அந்தக் கொட்டேஷனைத்தான் உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். ஆர்டர் கிடைக்காத கோபத்தில் எழுதுகிறாள் என்பார்கள். அதனால் முதலில் மகன் கையெழுத்திட்ட வாபஸ் கடிதம் போகட்டும், முத்திரை வாங்கட்டும். அதன் பிறகு பண்ணை இருப்பதைத் தெரிவிக்கும் கடிதம், அதற்கும் பிறகு மாற்றுக் கருத்துக் கடிதம். மூன்றையும் ஒரே காலையில் கொடுத்துவிடலாம், வரிசை மட்டும் மாறக் கூடாது. நியமன ஆணை கைக்கு வந்ததும் அதன் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அமர்வுக்கட்டணம் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தேர்தல் விஷயத்துக்கு உறுதியாகச் சொல்கிறேன்.